பிள்ளைப்பேறும் கிராமத்துப் பெண்களும்

இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867ஆம் ஆண்டு தொடங்கியது. 1897இல் அது கட்டாயமாக்கப்பட்டது. பதிவேட்டிலே குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், பிறந்த இடம் ஆகிய யாவும் உள. தாய் அவ்விடத்தில் ஏன் பிள்ளை பெற்றாள், அவள் விரும்பிப் பெற்றாளா, வேறிடம் செல்ல அவளுக்கு மனமிருந்ததா என்பவற்றை எழுதுவதற்கு அதிலே பத்தியில்லை. பதிவுகாரரிடம் சென்று செய்தி சொன்னவரும் பெரும்பாலும் தந்தையாரோ மாமனாரோதான். ஆகவே, வீட்டிற் பிள்ளை பெறுவதைப்பற்றிக் கிராமத்துப் பெண்கள் யாது கருதினர் என்பதை அவர்களுடைய எழுத்திலிருந்து அறிய வழி குறைவு. அவர்கள் யாரை அழைத்தனர், யாரை வாசலில் நிறுத்தினர், எப்பொழுது மனம் மாறினர் என்பவற்றைக்கொண்டே அதனை உணர்தல் வேண்டும்.

அவ்வாறு நோக்கின் ஒன்று தெளிவாகும். வைத்தியசாலையை விட்டு வீட்டையே நாடிய பெண்ணை அறியாமையுடையவள் என்று கூறி முடித்துவிடும் வழக்கம் அரசாங்க அறிக்கைகளிலும் மிசன் கடிதங்களிலும் மலிந்து கிடக்கின்றது. அது பாதி உண்மை. மற்றப் பாதி யாதெனின், அவள் இரண்டு இடங்களையும் தன் அறிவுக்கெட்டியவாறு நிறுத்துப் பார்த்தவள் என்பதாகும்.

யாழ்ப்பாணத்துக் கிராமத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் அமைப்பித்த தேசவழமையில் சீதனம் பெண்ணின் சொத்தாகக் கொள்ளப்பட்டது. பெற்றோர் மகளுக்குக் கொடுக்கும் சீதனத்தில் வீடும் வளவும் அடங்குவது பெருவழக்கு. கலியாணத்தின்பின் மாப்பிள்ளை பெண்வீட்டுப் பக்கம் வந்து குடியிருப்பதும் அவ்வாறே. இதனால் வீட்டுப் பேறு என்பது அங்கே புகுந்த வீட்டின் மூலையிலே, மாமியார் கண்காணிக்க, நடைபெறும் ஒன்றன்று. தன் பெயரிலுள்ள வீட்டிலே, தாயார் தலைமாட்டில் இருக்க, ஒரே வளவிலோ அடுத்த வளவிலோ வாழும் தமக்கையும் சின்னம்மாவும் வெந்நீர் வைக்க அது நடைபெற்றது. வேறு பல நாடுகளில் பெண்கள் முதற்பேற்றுக்குத் தாய்வீடு தேடிப் போயினர். இங்கோ தாய்வீடு பெரும்பாலும் வேலிக்கு அப்பால் இருந்தது. இத்தகைய ஒருத்தியிடம் வைத்தியசாலைக்கு வா என்பதன் பொருள், தனக்கு அதிகாரமுள்ள ஓரிடத்தை விட்டு அதிகாரமே இல்லாத இன்னோரிடத்துக்கு வா என்பதேயாம்.

பேற்றறையில் முதன்மை பெற்றவள் மருத்துவிச்சி. சிங்களக் கிராமங்களில் அவளுக்கு வின்னம்பு அம்மா என்று பெயர். அவள் ஏட்டிற் படித்தவளல்லள். தன் தாயோடும் பாட்டியோடும் இரவு பகலாகத் திரிந்து கையாற் கற்றவள். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பிள்ளைகளை ஏந்திய மருத்துவிச்சிமார் இருந்தனர். வயிற்றைத் தடவிப் பிள்ளையின் தலை எப்பக்கம் என்று சொல்லவும், நோவு மெய்ந்நோவா பொய்ந்நோவா என்று பிரித்தறியவும், பயந்து அழுபவளைப் பேசியே தேற்றவும் அவள் வல்லவள். பிள்ளை பிறந்தபின்னும் அவள் வேலை முடிவதில்லை. நொச்சி, பாவட்டை, ஆடாதோடை முதலிய இலைகளை அவித்த நீரிலே தாயை வார்ப்பதும், குழந்தைக்கு எண்ணெய் தடவிக் குளிப்பாட்டுவதும், காயம் அரைத்துக் கொடுப்பதும், உள்ளியும் மிளகும் நற்சீரகமும் சேர்ந்த சரக்குக்கறிக்குக் கூட்டுச் சொல்லுவதும் அவளுடைய பொறுப்பே. பால் சுரப்பதற்குச் சுறாமீனும் முருங்கையிலையும் சமைத்தனர். முப்பத்தொராம் நாள் துடக்குக் கழியும்வரை பிள்ளை பெற்றவள் அடுப்படிக்குப் போகவேண்டியதில்லை; கிணற்றில் நீர் அள்ளவேண்டியதில்லை. துடக்கு என்ற சொல்லில் விலக்கும் இழிவும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும் ஆண்டு முழுவதும் வயலிலும் தோட்டத்திலும் முறிந்த பெண்ணுக்கு அம்முப்பத்தொரு நாளே கிடைத்த ஓய்வு. இதனை அவர்கள் நன்றாக அறிந்திருந்தனர்.

கதவுநிலையில் வேப்பிலை செருகுவதும், தலைமாட்டில் இரும்பு வைப்பதும், கொத்தி என்னும் பேய் பேற்றறையைச் சுற்றும் என்று அஞ்சி அதனை ஓட்டுவதற்குச் சடங்கு செய்வதும் இவற்றோடு கலந்திருந்தன. படித்தவர்கள் இவற்றையே பெரிதாக எடுத்து நகைத்தனர். கொத்திக்கு அஞ்சியதன் உள்ளே இருந்த அச்சம் பொய்யன்று. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் திடீரென உடல் விறைத்துப் பால் குடிக்க மாட்டாமல் இறந்த குழந்தைகளை அப்பெண்கள் கண்டிருந்தனர். கொப்பூழ்க்கொடியைச் சுத்தமற்ற கத்தியால் அறுத்ததனால் நேர்ந்த ஏற்புவலி அது என்பது அவர்களுக்குத் தெரியாது. காரணம் தெரியாத மரணத்துக்கு அவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தனர்; அவ்வளவே.

மருத்துவிச்சியின் திறமைக்கு எல்லை இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தால், நச்சுக்கொடி கழியாது நின்றால், குருதி நிற்காது பெருகினால், மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு சன்னி பிறந்தால் அவளால் ஆகக்கூடியது மிகச் சிலவே. பிள்ளை பெறுதல் பெண்ணுக்கு மறுபிறப்பு என்னும் வழக்கு அலங்காரமாக எழுந்ததன்று. வீட்டுப் பேற்றைப் புகழ்ந்து பேசும் எவரும் இதனை மறத்தலாகாது. வீட்டிலே பெற்ற பெண்களும் மறந்ததில்லை.

இந்நிலையில் மேனாட்டு வைத்தியம் வடபகுதிக்கு வந்தது. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் வைத்திய நிலையத்தை அமைத்தார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்த அப்பெரியார் மொழிபெயர்த்து வெளியிட்ட நூல்களுள் ஒன்று 1857இல் வந்த ‘பிரசவ வைத்தியம்.’ மகப்பேற்று விஞ்ஞானம் தமிழெழுத்தில் அச்சேறிய தொடக்கங்களுள் அது ஒன்று. ஆனால் அந்நூலைக் கற்றவர் ஆண்கள். நூல் தமிழில் இருந்தும், அது பேசிய பொருளுக்கு உரியவளான பெண்ணை அது எட்டவில்லை. அவளுக்கு எழுத்தறிவு இல்லை, அந்நூலைப் படித்த ஆணைப் பேற்றறைக்குள் விடுதல் முறைமையும் இல்லை. கிறீனின் நூல்களைப் போற்றி எழுதுவோர் இம்முரண்பாட்டைப் பெரும்பாலும் கடந்து போய்விடுவர்.

ஆண் வைத்தியரை அழைப்பது எக்காலத்தில் என்றால், எல்லா முயற்சியும் தோற்றபின். இரண்டு நாள் மூன்று நாள் நோவு கண்டு, மருத்துவிச்சி கைவிட்டு, நாட்டு வைத்தியர் கைவிட்டு, சாத்திரியார் நாள் பார்த்து, அதன்பின்னரே மாட்டுவண்டி புறப்பட்டது. அந்நிலையில் வருபவளை எந்த வைத்தியராலும் காத்தல் அரிது. அவள் இறந்தாள். ஊரவர் கண்டது இதுவே: வைத்தியசாலைக்குப் போனவள் திரும்பவில்லை. அதனால் அடுத்தவள் இன்னும் பிந்தினாள். வைத்தியசாலை சாவிடம் என்னும் எண்ணம் இவ்வாறு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொண்டு வளர்ந்தது. அதனை மூடநம்பிக்கை என்று சொல்லுவதிலும் பார்க்கக் கண்ணாற் கண்டதிலிருந்து செய்த பிழையான முடிவு என்று சொல்லுதல் பொருந்தும்.

கொழும்பிலே 1879ஆம் ஆண்டு சார்ள்ஸ் ஹென்றி த சொய்சாவின் கொடையால் பிரசவ விடுதி ஒன்று திறக்கப்பட்டது. இலங்கையின் முதலாவது மகப்பேற்று வைத்தியசாலை அதுவே. நகரத்து ஏழைப் பெண்களுக்கு அது உதவிற்று. கிராமத்தவளுக்கு அது வேறோர் உலகம். வடபகுதியில் 1898இல் இணுவிலிலே பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை நிறுவப்பட்டமை இதனிலும் ஆழமான மாற்றத்துக்கு வித்தாயிற்று. அங்கே வைத்தியர்களும் பெண்கள், தாதிமாரும் பெண்கள். கட்டடமும் கருவியும் செய்யாததைப் பார்ப்பவள் பெண் என்னும் இந்த ஒன்று செய்தது. ஆடவர் கைபடுமே என்று கூசிய பெண்கள் அங்கே செல்லத் தலைப்பட்டனர். ‘இணுவில் ஆஸ்பத்திரி’ என்பது குடாநாட்டுப் பெண்கள் வாயிலே ஊர்ப்பேச்சாகியது. ஆயினும் பேற்றுக்காக அங்கே செல்லக்கூடியவர் வண்டி வசதியும் வீட்டில் மாற்றாளும் உடையவர்களே. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் வாழ்ந்தவளுக்கு அத்தகையதோர் இடம் அண்மையில் இல்லை.

வரலாற்றின் திருப்பம் வைத்தியசாலையிலிருந்து வரவில்லை. வீதியில் நடந்து வந்தது. 1926ஆம் ஆண்டு, ரொக்கபெல்லர் மன்றத்தின் உதவியோடு, களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பகுதி அமைக்கப்பட்டது. நோயாளி வரும்வரை காத்திராது, நோய் வருமுன் வீட்டுக்குச் செல்லுதல் அதன் கொள்கை. அதன் உத்தியோகத்தருள் ஒருத்தி பயிற்சி பெற்ற மருத்துவ மாது. கருப்பவதிகளைத் தேடிச் சென்று பெயர் பதிவதும், மாதந்தோறும் பார்ப்பதும், நோவு கண்டபோது அவ்வீட்டுக்கே சென்று பிள்ளையை ஏந்துவதும் அவள் கடமை. 1927இல் இயற்றப்பட்ட வைத்தியக் கட்டளைச் சட்டம் மருத்துவ மாதருக்குப் பதிவு ஏற்படுத்தியது. இம்முறை படிப்படியாக நாடெங்கும் பரவிற்று.

இங்கேயுள்ள நுட்பம் கவனித்தற்குரியது. பெண்ணை வீட்டைவிட்டு வா என்று அரசாங்கம் முதலிற் சொல்லவில்லை. நீ உன் வீட்டிலேயே பெறு, ஆனால் இவள் உன் அருகில் இருக்கட்டும் என்றது. வீடு, தாய், பத்தியம், வெந்நீர் எல்லாம் இருந்தவாறே இருந்தன. கொடியை அறுக்கும் கத்தரிக்கோல் மட்டும் கொதிநீரில் இட்டெடுத்ததாயிற்று. பெண்கள் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே பெருங்காரணம் எனலாம்.

ஏற்பு எளிதிற் கிடைக்கவில்லை. மருத்துவ மாது பெரும்பாலும் இளம்பெண்; பிற ஊரவள்; சில வேளை கலியாணமாகாதவள். தான் பெறாதவளுக்குப் பேற்றைப்பற்றி என்ன தெரியும் என்பது கிழவியரின் முதற்கேள்வி. எந்தச் சாதி என்பது அடுத்த கேள்வி. அது சிலவிடத்து வாய்விட்டுக் கேட்கப்பட்டது, பலவிடத்து நீர் கொடுக்கும் பாத்திரத்தின் மூலம் கேட்கப்பட்டது. பேற்றறை துடக்குடைய இடமாதலால் அங்கே தொழில் செய்பவளும் தாழ்ந்தவள் என்னும் எண்ணம் பழைய மருத்துவிச்சியை வருத்தியது போலவே புதியவளையும் வருத்தியது. இரவிலே லாந்தர் பிடித்துக்கொண்டு வந்து கூப்பிடும் ஆணோடு தனியே செல்லவேண்டிய தொழிலுக்கு மகளை அனுப்பப் பெற்றோரும் தயங்கினர். இத்தனைக்கும் நடுவில் ஒழுங்கைதோறும் நடந்தும், பின்னாளிற் சைக்கிளில் ஏறியும் அத்தொழிலைச் செய்த பெண்களின் பெயர்கள் வரலாற்று நூல்களிற் காணப்படுவதில்லை. மந்திரிமாரின் பெயர்கள் உள.

பல வீடுகளில் இரு மருத்துவப் பெண்களும் ஒரே அறையில் இருந்தனர். பழையவள் தலைமாட்டிலிருந்து தைரியஞ் சொன்னாள். புதியவள் காலடியிலிருந்து பிள்ளையை ஏந்தினாள். குளிப்பாட்டும் காயமும் பழையவளுக்கு, கொடியறுப்பும் குறிப்பேடும் புதியவளுக்கு எனத் தொழில் பிரிந்தது. சட்டம் இவ்வாறு சொல்லவில்லை. வீட்டுப் பெண்களே இவ்வேற்பாட்டைச் செய்துகொண்டனர். எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்பதில் அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

அக்காலத்திலே பெண்களிடையே எழுந்த பொது விழிப்பையும் சேர்த்து நோக்கல் வேண்டும். கனடாவிற் பிறந்து, 1896இல் இலங்கைக்கு வந்து, தமிழர் ஒருவரை மணந்து இங்கேயே வாழ்ந்த வைத்தியர் மேரி இரட்ணம் 1930இல் லங்கா மகிளா சமிதியைத் தோற்றுவித்தார். கிராமந்தோறும் பெண்கள் கூடிச் சுகாதாரம், உணவு, குழந்தை வளர்ப்பு என்பனபற்றிப் பேசுவதற்கு அச்சங்கங்கள் இடமளித்தன. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குள்ள தாயின் ஊருக்கு மருத்துவ மாதை அனுப்புவதிலும் பிரசவ விடுதி கட்டுவதிலும் சட்டசபை அங்கத்தினர்கள் காட்டிய ஊக்கம் அதற்கு முன் காணப்படாதது.

ஆனால் பலன் உடனே வரவில்லை. 1934–35இல் மலேரியாக் காய்ச்சல் நாட்டைச் சூறையாடியது. கருப்பவதியை மலேரியா தாக்கினால் குருதி வற்றும். சிறு இழப்பையும் அவளுடல் தாங்காது. 1935ஆம் ஆண்டு, உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுக்கும் 26 தாய்மாருக்கு மேல் இறந்தனர். 1940ஐ அடுத்த ஆண்டுகளிலும் அத்தொகை 16 அளவில் நின்றது. அதன்பின் நிகழ்ந்த வீழ்ச்சி உலகம் வியந்தது: 1950இல் ஆறுக்குக் குறைவு, 1960இல் மூன்று. 1946இல் தொடங்கிய டீ.டீ.ரி. தெளிப்பால் மலேரியா ஒடுங்கியமை, பெனிசிலின் வந்தமை, குருதியேற்றும் வசதி பரவியமை, மருத்துவ மாதரின் தொகை பெருகியமை, பெண்கள் எழுத்தறிவு பெற்றமை என இதற்குக் காரணம் பல. ஒன்றுமட்டுமே காரணம் என்று வாதிடுவோரை நம்பவேண்டியதில்லை. ஆயினும் அபாயக்குறி கண்டவுடனே, அஃதாவது மூன்றாம் நாளல்ல முதல் மணியிலேயே, வைத்தியசாலைக்கு அனுப்பத் தெரிந்த ஒருத்தி வீட்டுக்குள்ளேயே இருந்தாள் என்பதைச் சிறு காரணமென ஒதுக்கலாகாது. போனவள் திரும்பிவரத் தொடங்கினாள். பழைய பிழையான முடிவு கண்ணாற் கண்டே திருந்தியது.

வீட்டுக்கும் பெரிய வைத்தியசாலைக்கும் இடையே மூன்றாவது இடம் ஒன்று இக்காலத்திற் பெருகிற்று. மத்திய மருந்தகமும் அதனோடிணைந்த பிரசவ விடுதியும் என்று அதனை வழங்குவர். நாலைந்து கட்டில்கள், ஊருக்கு அண்மையில் அமைவு, மருத்துவ மாதும் ஏற்கெனவே வீட்டில் அறிமுகமானவள். வீட்டிலிருந்து சோறும் சரக்குக்கறியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரலாம். பெண்கள் முதலில் மனமுவந்து சென்றது இவ்விடங்களுக்கே. அரசாங்க வைத்தியசாலைகளிலே கட்டணம் நீக்கப்பட்டபின் பெரிய வைத்தியசாலைகளும் அவர்களுக்கு எட்டின. வீட்டிலே தாய் பெற்றாள், விடுதியிலே மகள் பெற்றாள், வைத்தியசாலையிலே பேர்த்தி பெற்றாள் என்று மூன்று தலைமுறைக்குள் இம்மாற்றம் நிறைவேறிய குடும்பங்கள் பல.

மலைநாட்டுத் தோட்டங்களின் கதை வேறு. அங்கே வீடு என்பது லயனில் ஓர் அறை. அது பெண்ணின் சொத்துமன்று, கணவனின் சொத்துமன்று, தோட்டத்தின் சொத்து. பத்தடி பன்னிரண்டடி இடத்திலே அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளும் கிழவர்களும் இருக்க, ஒரு சேலையை மறைப்பாகக் கட்டிப் பெண்கள் பெற்றனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த மருத்துவச்சிமாரின் கைத்திறனே அவர்களுக்குத் துணை. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பேற்றுக்காலத்துக்கு உதவிப்பணம் வழங்கவேண்டும் என்றது. ஆனால் பிரசவ விடுதியும் உணவும் தோட்டமே அளிக்குமாயின் காசாகக் கொடுக்கும் தொகையைக் குறைத்துக்கொள்ளவும் இடமளித்தது. தோட்டத்துப் பெண்ணோ அவ்விடுதியைத் தன் நன்மைக்கென்று எழுந்ததாக எளிதில் எண்ணவில்லை. பெயர் கொடுத்து, கணக்குப் பார்த்து, வேலைக்கு மீளும் நாளைக் குறித்து அனுப்பும் அதே நிருவாகத்தின் இன்னொரு கட்டடமாகவே அது அவளுக்குத் தோன்றியது. அவள் விடுதிக்குப் போனால் மூத்த பிள்ளைகளைப் பார்ப்பவர் யார் என்னும் கேள்விக்கும் மறுமொழி இல்லை. நாட்டின் ஏனைய பகுதிகளில் வீட்டுப் பேறு குறைந்தபின்னரும் தோட்டங்களில் அது நெடுங்காலம் நிலைத்ததற்குக் காரணங்கள் இவை. பழமைப்பற்று என்று சொல்லி அமைதல் எளிது. அந்த லயனறையில் பற்று வைப்பதற்கு என்ன இருந்தது?

வடக்கிலும் கிழக்கிலும் காலச்சக்கரம் ஒருமுறை பின்னோக்கிச் சுழன்றது. 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரினால் வீதிகள் அடைபட்டன. ஊரடங்கு இரவுகளில் அம்புலன்ஸ் ஓடவில்லை. மருத்துவ மாதர் பலர் இடம்பெயர்ந்தனர். வைத்தியசாலையிற் பிறந்த பெண்கள் தம் பிள்ளைகளை வீட்டிலும், பதுங்குகுழியிலும், இடம்பெயர்ந்து தங்கிய பாடசாலை மண்டபத்திலும் பெற்றனர். மறைந்துபோயினர் என்று கருதப்பட்ட முதிய மருத்துவிச்சிமாரை ஊர் மறுபடியும் தேடிச் சென்று அழைத்தது. அப்பெண்களுக்கு வீட்டுப் பேறு ஒரு விருப்பமாக இருக்கவில்லை. வேறு வழியில்லாத இடத்தில் விருப்பம் என்ற சொல்லே பொருளற்றதாகும்.

இன்று இலங்கையிற் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் வைத்தியசாலைகளிலேயே பிறக்கின்றன. மருத்துவிச்சியின் பரம்பரை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆயினும் பழைய முறைப்பாடு முற்றாக ஓயவில்லை. நோவு கண்ட நேரத்திலே தாயும் தமக்கையும் வெளி விறாந்தையில் நிற்க, தான்மட்டும் அறியாதவர் நடுவிற் கிடந்ததைப் பெண்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். உயிர் தப்பியதற்கு நன்றி சொல்லுபவளும் அதையே சொல்லுகின்றாள். பேற்றறையில் துணைக்கு ஒருவரை இருக்கவிடும் வழக்கம் சில வைத்தியசாலைகளில் ஏற்பட்டிருக்கின்றது, எங்கும் பரவவில்லை.

பொதுச் சுகாதார மருத்துவ மாது, 1926இல் களுத்துறையிலே தொடங்கிய அந்நடையை, இன்னும் நிறுத்தவில்லை. பிள்ளையோடு தாய் வீடு திரும்பி முதற் பத்து நாளுக்குள் அவள் படலையைத் திறந்துகொண்டு வருகின்றாள். குழந்தையின் கொப்பூழைப் பார்க்கின்றாள், தாய்க்குக் காய்ச்சல் உண்டா, பால் சுரக்கின்றதா என்று கேட்கின்றாள், அட்டையில் எழுதுகின்றாள். அவ்வேளையில் முற்றத்து அடுப்பிலே நொச்சியிலை அவிந்துகொண்டிருக்கும். அதைப்பற்றி அவள் ஒன்றும் சொல்லுவதில்லை.